வலை யாருக்கு

எதிர்த்தரப்பு வக்கீல் ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் பேனா மூடியால் பத்திரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். எண்ணூரில் எங்கள் ஃபைபர் படகை விற்றபோது, பத்திரத்தில் "படகும் சாமான்களும்" என்று எழுதியிருந்தோம். எங்கள் கரையில் சாமான் என்றால் நங்கூரம், கயிறு, துடுப்பு. வலையைத் தனியாகத்தான் விலை பேசுவோம். வாங்கியவரோ வலைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவற்றை நம்பித்தான் என் தம்பி வேறொரு படகில் தொழிலுக்குப் போவதாக இருந்தான்.

"பத்திரத்துல இருக்கறதுதான் பேச்சு. கரை வழக்கத்தை எதுக்கு உள்ள இழுக்கணும்?" என்று கோர்ட்டில் அந்த வக்கீல் வாதாடினார். நீதிபதி அதை ஏற்கவில்லை. அந்தச் சொல்லுக்குக் கரையில் என்ன அர்த்தம் என்று படகு விற்று வாங்குகிறவர்களைச் சாட்சி சொல்ல விட்டார். வலைகள் எங்களுக்கே என்று தீர்ப்பானது.

வெளியே அந்த வக்கீலை மறித்தேன்.

"நீயும் நம்ம குப்பத்துல பொறந்தவன்தானே நைனா? சாமான்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. சாட்சிங்க சொன்னதெல்லாம் கரெக்டு."

"அப்புறம் இன்னாத்துக்கு அப்படிப் பேசின?"

"என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடலியே," என்று சிரித்தார்.

வலைகள் வீடு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தெரிந்த உண்மையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, அத்தனை நேரம் எப்படித்தான் பேசினாரோ அந்த மனிதர்!