செல்லையா சார் ஊற்றிய காணக்கஞ்சி

தக்கலையில் நாகர்கோவில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்புறம் துணிக்கடை வைத்திருக்கும் தங்கப்பன் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார். அவரும் ஒரு காலத்தில் எங்கள் பள்ளியில் படித்தவர்தான்.

“சாரே, அறிஞ்சீரா? நம்ம டிரில் சாரு காலம்பற போயிட்டாரு.”

அவரே தொடர்ந்தார். “சாயங்காலம் அடக்கம். பள்ளிக்கூட மேனேஜரு வீட்டுல இருந்து ஆளுயர மாலை வந்திருக்காம்.”

முதல் செய்தி கண்ணை நிறைத்தது. இரண்டாவது செய்தி குடலைப் புரட்டியது. அந்த மாலையை அனுப்பியது யார் என்பதும், செல்லையாவுக்கு அவர் என்ன செய்தார் என்பதும், அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரணியலுக்குப் பக்கத்தில் எங்கள் மிடில் ஸ்கூல். நான் தமிழ் வாத்தியார். செல்லையா டிரில் வாத்தியார். மீசையைப் பற்றி அவருக்கு ஒரு கர்வம் உண்டு. சின்ன விஷயத்துக்கும் சத்தம் போடுவார். பிள்ளைகள் அவருக்குப் பயந்தார்கள். ஆனால் யாரும் அவரைக் கண்டு ஒளிந்துகொண்டதில்லை.

சுதந்திரம் வந்த கையோடு வந்த அரிசிப் பஞ்சம் நினைவிருக்கும். ரேஷனில் கிடைத்த அரிசியில் பாதி புழு. பெரும்பாலான வீடுகளில் மரச்சீனிக் கிழங்குதான். அதுவும் ஒரு வேளை. ஒரு நாள் காலை டிரில்லில் ரோசம்மா என்ற சிறுமி கையைத் தூக்கியபடியே சரிந்து விழுந்தாள். செல்லையா அவளை நிழலில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

“ஏட்டி, காலம்பற என்னத்த தின்ன?”

“ஒண்ணும் திங்கல்ல சார்.”

“நேத்து ராத்திரி?”

அவள் பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். அன்று அவர் யாரிடமும் சத்தம் போடவில்லை.

பள்ளியில் மதியம் ஒரு கஞ்சி உண்டு. கஞ்சி என்பது மரியாதைக்கு. கலங்கிய நீரில் அரிசி அங்கங்கே மிதக்கும். பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டு அடுத்த மணிக்குள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். செல்லையா ஒரு யோசனை செய்தார். மாட்டுக்கு வைக்கிற காணத்தை, கிழக்கே கொள்ளு என்பார்களே, அதைக் கஞ்சியில் சேர்த்தால் என்ன? வீடு வீடாகத் துணிப்பையோடு போய் ஆளுக்கு ஒரு பிடி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சபை கலையும்போது வாசலில் நின்று கேட்டார். எள் கொடுத்தவர்களிடம் எள்ளும் வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் பெரும் கேடு. காணத்தை ஊறப்போட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அரைவேக்காடாகப் போட்டுவிட்டார். பிற்பகல் என் வகுப்பில் நடந்ததை அச்சில் எழுத முடியாது. ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு மரத்தடியில் பாடம் நடத்தினேன். ஆசையாக இரண்டு கோப்பை குடித்த செல்லையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் படுத்திருந்தார். “எனக்க பெஞ்சாதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று முனகினார்.

அதன்பின் அவர் மனைவி பொன்னம்மாள் சொன்னபடி செய்தார். ராத்திரியே ஊறவைத்து, தோல் வெடிக்க வேகவைத்து, வறுத்த எள்ளைப் பொடித்துத் தூவினார். சக்கைக் காலத்தில், பலாப்பழம் தின்றவர்கள் முற்றத்தில் துப்பிய கொட்டைகளைப் பிள்ளைகளிடம் பொறுக்கி வரச் சொல்வார். வழவழவென்று ஈ மொய்க்கும் அந்தக் கொட்டைகளை அவர் கிணற்றடியில் உட்கார்ந்து கழுவுவதைப் பார்த்துச் சில வாத்தியார்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். அந்தக் கொட்டைகளும் வெந்து கஞ்சியில் சேர்ந்தன. அதே ஒரு கோப்பைக் கஞ்சிதான். பிள்ளைகள் சாயங்கால மணிவரை தெளிவாக உட்கார்ந்திருந்தார்கள். ரோசம்மா அதன்பிறகு விழவில்லை.

மேனேஜரின் சம்பந்தி வீட்டார் ஒரு கல்யாணப் பந்தியில் அவரைக் கேலி செய்தார்களாம்: “உம்ம பள்ளிக்கூடத்துல மாட்டுக்கு வைக்கத பிள்ளைகளுக்கு வைக்கீராமே?” அந்த ஒரு சிரிப்புக்காக நடந்ததுதான் மற்றதெல்லாம். சில தகப்பன்மாரும் அவரோடு சேர்ந்துகொண்டு மானம் போயிற்று என்று கூவினார்கள்.

ஒரு மதியம், வராந்தாவில் பிள்ளைகள் பலாவிலையைக் கரண்டியாகக் கோட்டி வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, மேனேஜர் இரண்டு வேலைக்காரர்களோடு வந்தார். குடைக் கம்பியை அண்டாவில் விட்டுக் கிளறினார்.

“இது பள்ளிக்கூடமா, தொழுவா? கவுத்துங்கலே.”

தலைமையாசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைச் சுவரோரக் குப்பைக்குழியில் கவிழ்த்தார்கள். மேனேஜர் வேட்டியில் தெறித்த ஒரு துளியைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் சின்னப் பிள்ளைகள் சிலர் குழிப்பக்கம் போய், மண்ணில் சிதறிக் கிடந்த காணத்தைப் பொறுக்கத் தொடங்கினார்கள். செல்லையா தடுக்கவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்து வந்து குந்தி உட்கார்ந்தார். அவர்கள் பொறுக்கியதை வாங்கி, மண்போகக் கழுவி, ஒவ்வொரு கையிலும் திருப்பி வைத்தார். தலைமையாசிரியர் மணி அடிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை செல்லையா விசில் இல்லாமல் வந்தார்.

“பிள்ளேளு வரிசைல நிக்கு. டிரில் எடும் வோய்” என்றார் தலைமையாசிரியர்.

“எடுக்க மாட்டேன் சாரே. வயிறு ஒட்டின பிள்ளகிட்ட கையத் தூக்கு, காலத் தூக்குன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது.”

கீழ்ப்படியாமை என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நானும் கணக்கு வாத்தியாரும் மேனேஜர் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் நிற்கவைத்தே பேசினார். பக்கத்தில் அவருடைய வண்டிக்காளைகளுக்கு ஒருவன் வேகவைத்த காணத்தைப் பருத்திக்கொட்டையோடு ஆட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

“நல்லா தின்னல்லேன்னா இதுக வண்டி இழுக்காது” என்றார் மேனேஜர், பெருமையாக.

“பிள்ளைகளுக்கு?” என்று கேட்டேன்.

“பிள்ளைகளுக்கு மானம் வேண்டாமா வோய்?”

கணக்கு வாத்தியார் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

அதன்பின் செல்லையா பாட்டத்துக்கு நிலம் எடுத்து வாழை வைத்தார். தினமும் காலையில் பொன்னம்மாள் ஒரு பானை காணம் வேகவைப்பாள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அங்கே ஏறி, ஒரு கை தின்றுவிட்டுப் போவார்கள். மாட்டுத்தீனி என்று கூவிய தகப்பன்களில் ஒருவன், தான் ரோட்டில் நின்றுகொண்டு மகளை மட்டும் உள்ளே அனுப்பினான். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“அவனுக்க மோளுக்குமா?” என்றாள் பொன்னம்மாள்.

“அவனுக்க வயிறு இல்லட்டி அது. பிள்ளைக்க வயிறு” என்றார் செல்லையா.

அடக்கம் முடிந்த வாரம் பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேனேஜர்தான் தலைமை. “நானும் செல்லையாவும் சேர்ந்து தொடங்கிய பயறுக்கஞ்சி” என்று பேசினார். பழைய தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹாலில் செல்லையாவின் படம் மாட்டப்போவதாக அறிவித்ததும் கைதட்டினார்கள். வடையின் எண்ணெய் நாற்றம் ஹால் முழுக்க இருந்தது. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “அந்தக் குப்பைக்குழி இப்போதும் சுவரோரம் இருக்கிறது. படத்தை அதற்கு மேலே மாட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். யாரும் என் பின்னால் வரவில்லை.

செல்லையா சாவதற்குச் சில நாள் முன்பு அவரைப் பார்த்தேன். மீசை நரைத்துத் தொங்கியிருந்தது. மேனேஜர்மேல் இன்னும் கோபம் உண்டா என்று கேட்டேன்.

“கோவம் எப்பவோ போச்சு சாரே. ஓங்கரிப்பு போகல்ல. அந்தக் கஞ்சிக்க மணம் மூக்குல ஏறினா, இப்பவும் குமட்டிக்கிட்டு வருது. பிள்ளைக்க சோத்த ஒருத்தன் கவுத்தினத நெனச்சா மனுசனுக்கு ஓங்கரிக்கணும். ஓங்கரிக்கல்லேன்னா அவனுக்குத்தான் தீனம் பிடிச்சிருக்கு.”

அவரை அறிந்தவர்களே, படத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த ஓங்கரிப்பு. இது என்னிடம் இருக்கட்டும்.