வயரைக் கழட்டிப் பார்க்காத நாள்

அன்றைக்குக் கடையில் இருந்தது மூன்று பேர்: குறிகட்டுவான் துறைக்குப் போகிற வழியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த அக்கா, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவவின் சின்னம்மாவின் மகன், அங்கே வேலைக்கு நின்ற நான். மூவரும் கணினித் திரையில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படம். இரண்டாவது வரிசை ஓரத்தில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்காவின் கூடப்பிறந்த தம்பி. பிறகு காணாமல் போனவர். இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த படங்களெல்லாம் போய்விட்டன. அவருடன் படித்த ஒருவர் கனடாவிலிருந்து ஊர் இணையத்தளத்தில் ஏற்றிய இந்த ஒன்றுதான் மிச்சம். ஏற்றியவரும் இப்போது உயிரோடு இல்லை.

அந்தத் தளத்தை மூடப்போவதாக நடத்தியவர்கள் அறிவித்திருந்தார்கள். அதனால் வெளிநாட்டுக்காரர் அதன் பக்கங்களையெல்லாம் வெறும் கோப்புகளாக இறக்கி, கடையின் பழைய கணினியில் வைத்தார். கடை வைஃபையில் சேர்ந்தால் யாரும் போனில் திறந்து பார்க்கலாம். "கேட்ட கோப்பை எடுத்து நீட்டுறது மட்டும்தான் இதின்ர வேலை. பழுதாப் போக ஒண்டுமில்லை, அண்ணை" என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விளங்காததற்கெல்லாம் பயப்படுவேன். எலி, இடி, உப்புக்காற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில், "இன்ரநெற் வயரைக் கழட்டிப்போட்டு ஒருக்காப் பாப்பமே?" என்றேன்.

"இவரை விட்டால் கடலையும் கழட்டிப் பாக்கச் சொல்லுவார்" என்று அக்கா சிரித்தா. அவ அப்படிச் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. படம் கண்ணெதிரே நிற்கும்போது இன்னும் என்ன சோதனை என்று நானும் விட்டுவிட்டேன்.

பழைய தளம் மூடப்பட்ட அன்று எங்கள் கணினியில் எழுத்துகள் எல்லாம் இருந்தன. படம் ஒன்றுகூட இல்லை. பக்கங்கள் மட்டுமே எங்களிடம் வந்திருக்கின்றன. படங்களை அவை அதுவரை அந்த இன்ரநெற் வயர் வழியாகப் பழைய இடத்திலிருந்தே வாங்கிக் காட்டியிருக்கின்றன. திரும்பிப் போயிருந்த வெளிநாட்டுக்காரர் போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இனி ஏலாது, அக்கா" என்றார். தளத்தை நடத்தியவர்களிடம் கேட்டோம், எல்லாம் அழித்தாயிற்றாம். போட்டோகொப்பிக் கடைக்குள் இருந்துகொண்டு அந்த ஒன்றை நாங்கள் கொப்பி எடுத்து வைக்கவில்லை. எங்கள் கணினிக்குள் வந்துவிட்டதென்றுதான் நினைத்தோம்.

அதற்குப் பிறகும் அக்கா காலையில் கடை திறந்ததும் அந்தப் பக்கத்துக்குத்தான் போவா. படம் இருந்த இடத்தில் மிஞ்சிய வெறும் சட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "இதிலதான் நிண்டவன், என்ன?" என்பா. "ஓம் அக்கா" என்பேன்.

போன வருடம் அவவும் இறந்துபோனா. கணினியை நான் அணைக்கவில்லை. அந்தச் சட்டத்தில் விரல் வைக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். அந்தத் தம்பி கண்ணைச் சுருக்கியிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. முகம்தான் வரவில்லை.