என் கையெழுத்தே எனக்கு எதிராக

1950களின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தேன். ஒருநாள் துறைமுகக் கூலி ஒருவர், தாயில்லாத தன் ஏழு வயது மகள் செல்வியைத் தூக்கி வந்தார். கை முறிந்திருந்தது.

"படில வுழுந்துட்சிம்மா" என்றார்.

நானும் கட்டுப் போட்டுவிட்டு, 'படியிலிருந்து விழுந்த காயம்' என்று பதிவேட்டில் எழுதினேன். குழந்தை வாய் திறக்கவே இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, செல்வியின் பக்கத்து வீட்டு மீன்காரம்மா அவளைக் கூட்டி வந்தார்.

"இன்னா டாக்டரம்மா, கைய பாத்தா போதுமா? இத்தோட முதுகப் பாரு!"

சட்டையைக் கழற்றியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதுகெல்லாம் கன்றிய தடங்கள். சில நீலம், சில பச்சை, சில மஞ்சள். ஒரே நாளில் விழுந்து பட்டவை அல்ல. மடித்த பெல்ட்டின் வளைவு அப்படியே பதிந்திருந்தது.

"யாரும்மா அடிச்சது?"

"நைனா" என்று அப்பாவைச் சொன்னாள், தரையைப் பார்த்தபடி.

ஒவ்வொரு தடத்தையும் அளந்து எழுதி, போலீசுக்குத் தகவல் அனுப்பினேன்.

கோர்ட்டில் செல்வியின் அப்பாவுக்காக வந்த வக்கீல் என் பதிவேட்டை நீட்டினார். "விழுந்த காயம் என்று எழுதியது நீங்கள்தானே?"

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "நான்தான். அன்று சரியாகப் பரிசோதிக்காமல், சொன்னதை நம்பி எழுதிவிட்டேன். தவறு என்னுடையது" என்றேன்.

இரண்டாம் முறை நான் அளந்து எழுதியதைப் படித்துவிட்டு, நீதிபதி செல்வியைத் தண்டையார்பேட்டையில் இருந்த அவள் சித்தியிடம் ஒப்படைத்தார். மறுவருடம் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவள், "டாக்டரம்மா, நான் இஸ்கூலுக்குப் போய்க்கினு கீறேன்!" என்று கத்திச் சொன்னாள்.

அன்று கோர்ட்டில் தலைகுனிந்து நின்றதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும், நான் உருப்படியான டாக்டரானது அன்றைக்குத்தான் என்று தோன்றுகிறது.