எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது

ஓர் ஆளை அளக்க மூன்று கேள்வி போதும் என்று வெகுகாலம் நம்பிக் கிடந்த மடையன் நான்: எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன்? இந்தப் பினாங்கில் எதிர்ப்படும் மலாய்க்காரர் 'சுடா மாக்கான்?' என்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அதோடு போய்விடுவார். கப்பலிறங்கிய புதிதில், மனுஷர் மீதிக் கேள்விகளை மறந்துவிட்டாரோ என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் எங்கள் சரக்குக் கிட்டங்கிக்குக் கணக்கப்பிள்ளை எடுத்தார்கள். சாதி, மதம், பிறந்த ஊர், தகப்பன் பெயர் எதையும் கேட்கக் கூடாது, கேட்டால் தேர்வு செல்லாது என்று தொழிற்சங்கம் போராடி வாங்கிய புது விதி. ஆளை எடுக்க உட்கார்ந்தது வெள்ளைக்கார மானேஜர், லிம் என்ற சீனர், தலைமைக் கணக்கப்பிள்ளையான நான். கையைக் கட்டிப்போட்டுப் பந்தியில் உட்கார்த்தியது மாதிரி இருந்தது எனக்கு.

இத்தனைக்கும் அந்தக் கேள்வி ஆளை என்ன செய்யும் என்று தெரிந்தவன்தான். சங்கரன்கோயில் பஞ்சுக் கடையில் வேலை கேட்டு நின்றபோது முதலாளி என் கையெழுத்தை மெச்சினார். பிறகு தெருவைக் கேட்டார். சொன்னேன். "சரிடே, சொல்லி அனுப்புதேன்" என்றார். யாரும் வரவில்லை. நான் கப்பலேறினேன்.

வந்தவர்களில் ஒருவன் கொடுத்த கணக்கையெல்லாம் பிசகில்லாமல் போட்டுவிட்டு, "சரியா இருக்கான்னு பாருங்க அண்ணாச்சி" என்றான். நம் பக்கத்துப் பேச்சு! அதைக் காதால் கேட்டு எத்தனை வருஷம்! இவன் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டால், இனி நான் இங்கிலீஷில் தும்ம வேண்டியதில்லை. கேள்வி தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். அவன் விழுங்கவில்லை.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"சங்கரன்கோயில்."

"அங்கன எந்தத் தெரு?"

விதி மேசைக்கு இந்தப் பக்கத்தை மட்டும்தான் கட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வேலை கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வேலை கேட்டு வந்தவனைப்போல வேர்த்து வடிந்தேன். என்ன கேட்கிறான் என்றார் மானேஜர். வேலை நேரம் கேட்கிறான் என்றேன். அக்கறையுள்ள ஆள் என்று அவர் மகிழ்ந்துபோனார். வேறு ஏதாவது தெருவைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று புத்தி சொன்னது. அதற்குள் வாய் உள்ளதைச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவன் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

மூன்று பேரும் அவனுக்குத்தான் முதலிடம் போட்டோம். அவன் வேலைக்கு வரவில்லை. அந்தத் தெருக்காரனுக்குக் கீழே வேலை பார்க்க முடியாது என்று துறைமுகத்தில் சொன்னானாம். இரண்டாவதாக வந்த உஸ்மான் இப்போது அந்த மேசையில் இருக்கிறான்.