ஆணியில் தொங்கிய தோசைக்கல்லும் எஸ்தர் டீச்சரும்

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து எஸ்தர் டீச்சரின் தங்கை போன் செய்தாள். "அக்கா போயிட்டா ஆச்சி" என்றாள். அடுப்பில் பால் பொங்கியது. இறக்கி வைத்துவிட்டுத்தான் அழுதேன். வேலம்பாளையத்தில் எங்கள் மாடியில் குடியிருந்து, இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுத்த டீச்சரை நம் வீதியில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர் எனக்குச் செய்தது என்னவென்று உங்களில் பாதிப் பேர் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு நாச்சிமுத்து என் கொழுந்தன் மகன். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் போட்டான். இந்தப் பக்கம் என் சமையலறைச் சுவரில், கைப்பிடி வைத்த தோசைக்கல் ஆணியில் தொங்கும். மிஷின் ஓடினால் கல் சுவரில் அடிக்கும். போய்ச் சொன்னேன். வீதிப் பெரியவர்களைக் கூட்டி வந்து காட்டினான். மிஷின் ஓடியும் சத்தமே இல்லை. அடுத்த முறையும் அப்படியே.

"நாம முன்னுக்கு வர்றது பெரியம்மாவுக்குப் பொறுக்கலீங்க. இல்லாத சத்தத்தைச் சொல்றாங்க" என்றான், அத்தனை பேர் முன்னால். என் மகன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு இந்த வீதியில் எப்படி நடப்பது?

டீச்சரிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

"அந்தக் கல்லக் கழத்தி வச்சா என்ன ஆச்சி?"

"அவன் மிஷினைக் கழட்டட்டும் கண்ணு."

சிரித்துவிட்டு, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் கல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலை அவசரத்தில் நாச்சிமுத்து மிஷின் வேகத்தை ஏற்ற ஏற, கல் டக், டக் என்று ஒரே சீராக அடித்தது. இன்னும் ஏறியதும் ஓர் அடி பலமாக, மறு அடி மெல்ல. "ஒண்ணு ரெண்டாப் பிரியுது, கேட்டீளா ஆச்சி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கும் மேலே அடிக்கு ஒழுங்கே கிடையாது. எனக்குத் தலைவலி, அவருக்குத் தேர்த் திருவிழா.

திடீரென்று கேட்டார்: "பெரியவங்க வந்தா நாச்சிமுத்து என்ன செய்வாவ?"

"மிஷினை நிறுத்திப்போட்டு டீ குடுப்பான். அந்த மரியாதையெல்லாம் உண்டு. குடிச்ச பொறகு மறுபடி ஓட்டுவான்."

டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். "அதான் ஆச்சி! நின்ன மிஷினை மெல்ல வழக்கமான வேகத்துக்குக் கொண்டுவந்தா கல்லு சும்மா கெடக்கும். வேகத்தை ஏத்தி அடிக்க விட்டுட்டு, அதே வேகத்துக்கு எறக்கினா, அடிக்கது நிக்காது. எங்க நிக்கோம்ங்கது மட்டும் போதாது, எந்த வழியா வந்தோம்ங்கதும் வேணும்."

அடுத்த நாள் "டீயைப் பொறவு குடிக்கலாம்" என்று பெரியவர்களை நேரே என் சமையலறைக்கு அழைத்துவந்தார். காலையில் அவன் வேகத்தை ஏற்றி இறக்கியிருந்தான்; கல் அடித்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வழக்கமான வேகந்தானுங்க" என்று விழித்தான். டீச்சர் கல்லை ஒரு விரலால் அமுக்கி, விட்டார். சத்தம் போச்சு. சுண்டினார். மறுபடி அடித்தது.

"ஏனுங் டீச்சர், கல்லுல பேய் கீய் எறங்கிருச்சுங்களா?" என்றார் ஒரு பெரியவர். சமையலறையே சிரித்தது.

"ரெண்டு பேருமே பொய் சொல்லல" என்று டீச்சர் முடித்தார். என் பேர் எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் நாச்சிமுத்துவையும் சேர்த்துச் சொன்னாரே, அதில் எனக்கு இன்றைக்கும் அரைச் சம்மதம்தான். பொறாமைக்காரி என்றானே, அது எந்த வழியாக வந்தது? அவன் வாசலை நான் இன்னும் மிதிக்கவில்லை.

டீச்சர் இறந்த சேதி கேட்டு அவன் மிஷினை நிறுத்தினான். அதையும் சொல்லத்தானே வேண்டும். இப்போதெல்லாம் யாராவது "அப்படி ஒன்றும் இல்லையே" என்றால், "எந்த வழியா வந்து பாத்தீங்க?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்வி டீச்சர் எனக்கு விட்டுப்போனது.

சேதி வந்த அன்று சாயங்காலம் மிஷின் மறுபடி மெல்ல ஓடத் தொடங்கியது. கல் சும்மா தொங்கியது. அந்த அமைதி எனக்குப் பொறுக்க முடியவில்லை. கிட்டே போய் ஒரு விரலால் சுண்டினேன்.

டக், டக்.

அமுக்காமல் விட்டுவிட்டேன்.