ஆராய்ச்சிக்காரருக்குக் கொடுத்த தண்ணீர்

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவைப் பற்றி எழுத ஒரு கல்லூரி வாத்தியார் வந்தார். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கி எங்கள் கிணறு உப்புக் கரித்துக் கிடந்தது. அவர் எழுதுவதைப் பார்த்துத்தான் முனிசிபாலிட்டி குழாய் போடும் என்றார்கள். குழாய் வந்தால் என் இடுப்பு பிழைக்கும்.

மனுஷர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே! "ஓய்வு நேரத்துல என்ன செய்வீங்க?" என்றார். தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த என் புருஷனைக் காட்டினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

நடுவில், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கை நீட்டினார். படித்தவர் எவரும் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டதில்லை. அவருக்குப் போய் அந்தக் கண்றாவியையா கொடுப்பேன்? ஒரு மைல் தள்ளித் தோட்டத்துக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த நல்ல தண்ணீரைச் செம்பு நிறையக் கொடுத்தேன்.

"தண்ணி அருமையா இருக்கே!" என்று அதையும் நோட்டில் எழுதினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் போனபிறகு பக்கத்து வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "அடி கூறுகெட்டவளே, இனி எவன்டி நமக்குக் குழாய் போடுவான்?"

மறுநாளே எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். வாசலில் காவல்காரன் மறித்தான். "ஆராய்ச்சி கொண்டாந்திருக்கேன்" என்றேன். விட்டுவிட்டான்.

வாத்தியார் ஒரு வாய் குடித்தார். முகம் கோணிக்கொண்டது. "இதை ஏம்மா நேத்தே சொல்லலை?"

"நீங்க கேள்வியாவா கேட்டீக? தாகத்துலல்ல கேட்டீக!"

நோட்டை எடுத்து முந்தின நாள் எழுதியதை அடித்தார். "மொத்தத்தையும் எங்க தெருவுல வந்து படிச்சுக் காட்டிட்டுத்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னபடி வந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தினோம். 'தோட்டத்துக் கிணற்றில் இறைத்து வருகிறார்கள்' என்று படித்தபோது நிறுத்தச் சொன்னேன்.

"நாங்க இறைக்கலைங்க. கயிறத் தொட விடமாட்டாக. அவுக இரங்கி ஊத்துற வரைக்கும் காத்துக் கெடப்போம்."

பேனா நின்றது. எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அது எங்க மாமனார் தோட்டம்மா."

குழாயும் போச்சு, ஊற்றுகிற தண்ணீரும் போச்சு என்று நினைத்தேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "எழுதுங்க" என்றேன்.

எழுதினார். எங்களுக்குக் குழாய் வர ஒரு வருஷமாயிற்று. மாமனார் வீட்டில் அவருக்கு மறுபடி இலை போட அதைவிட நாளாயிற்று என்று கேள்வி.