கை திறக்கும் சட்டை

தெருவில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். ஒரு சட்டைக்கு மூன்று தடவை இஞ்ச் டேப் பிடிப்பாள். பிரித்த நூலைக்கூடத் தரையில் கிடக்க விடமாட்டாள். அப்பா போனதும் எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். தம்பியை ஆளாக்கியது அந்த மெஷின்தான். "என் தம்பிக்கு ஆஸ்பத்திரியில உத்தியோகம்" என்று எல்லோரிடமும் சொல்வாள். என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால் மட்டும் குண்டூசியை எடுத்துப் பல்லில் கவ்விக்கொள்வாள். அவன் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன்.

அந்தத் தம்பிதான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "டயாலிசிஸுக்கு வர்றவங்க சட்டையைக் கழட்டிட்டு ஏசியில நடுங்கறாங்கக்கா. கை மட்டும் திறக்கிற மாதிரி தைக்க முடியுமா? தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் பிரஸ் பட்டன்."

மறுநாளே தைத்தாள். முதல் சட்டையில் பட்டன் வாயைப் பிளந்தது. அடுத்ததில் உள்ளே ஒரு பட்டி கொடுத்தாள், நின்றது. அதைப் போட்டுப் பார்த்த ஒரு பெரியவர் ஊசி குத்தியதைக்கூட மறந்து, பட்டனைத் திறப்பதும் மூடுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தாராம்.

"நாமளே தைச்சு விப்போம்கா. நீ தை. நான் வார்டு வார்டா காட்டறேன்."

"பார்க்கலாம்" என்றாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற கையால் அவன் சட்டையும் விற்பதை நினைத்தால் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

பட்டன் வாங்கப் போன இடத்தில் ரெடிமேட் கடைக்காரர் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டார். சில நாளில் வீடு தேடி வந்தார். வெட்டும் மேசை ஓரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க மூளையே மூளைம்மா. யாருக்குத் தோணும் இது?"

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. தலை குனிந்து நூலை அறுத்தாள்.

"தொழில் ஆரம்பிக்கிறதெல்லாம் உங்களுக்கு எதுக்குத் தலைவலி? யோசனையை எனக்கு வித்துடுங்க. தையல் வேலையும் உங்களுக்கே தர்றேன். ஆனா இதை வேற யாருக்கும் தைக்கக் கூடாது."

மூளை என்ற சொல் காதுக்குள் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. சரி என்றாள்.

அப்போதுதான் தம்பி வேலை முடிந்து உள்ளே வந்தான், பினாயில் வாசனையோடு.

"இவர்?" என்றார் கடைக்காரர்.

"தம்பி. ஆஸ்பத்திரியில இருக்கான்."

"டாக்டரா?"

"இல்ல, அங்க..."

"ஸ்ட்ரெச்சர் தள்றேன் சார்" என்றான் தம்பி. "ரிவர்ஸ்கூட எடுப்பேன்."

கடைக்காரர் சிரித்தார். அவளுக்கு முகம் கறுத்தது. பேச்சை மாற்றும் அவசரத்தில் சொன்னாள்: "டேய், நாங்க பேசி முடிச்சுட்டோம். சட்டையை சாருக்கே குடுத்துடறோம்."

அவன் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தான். இன்னொன்றோடு அப்படியே நின்றான்.

"நாங்கன்னா யாரு யாருக்கா?"

சின்ன வயதில் நாம, நாங்க இரண்டையும் குழப்பிக்கொள்வான். "நாம கடைக்குப் போறோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கூட்டாளிகளோடு ஓடிவிடுவான். அவள்தான் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தாள்: நாமன்னா கேக்கறவனும் உண்டு, நாங்கன்னா கேக்கறவன் வெளியே.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "காலையில கடைக்கு வாங்க, முடிச்சுடலாம்" என்று எழுந்து போனார்.

தம்பி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உனக்கு எது சரின்னு படுதோ செய்க்கா, தைச்சது நீதானே" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனான். அதை அவன் குத்திச் சொல்லவில்லை. அதனாலேயே குத்தியது.

காலையில் கடையில் நாலைந்து பேர் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தாள். போகிறபாடில்லை.

"சார், மூளைன்னீங்களே, அது என்னோடது இல்ல. தம்பியோடது."

"எந்தத் தம்பி?"

"எனக்கு ஒரே தம்பிதான். ஸ்ட்ரெச்சர் தள்றவன்."

இத்தனை வருஷத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். காதுமடல் வரை சுட்டது. சொன்னதற்காகவா, இவ்வளவு நாள் சொல்லாததற்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

"சரி, அவரையே கூட்டிட்டு வாங்க. விலை பேசுவோம்."

"விக்கலை சார். நாங்களே ஆரம்பிக்கப் போறோம்."

"நானும் தைச்சு வித்தா?"

"தைங்க. உள்பட்டியை ஒழுங்கா அளந்து வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா பட்டன் வாயைப் பிளக்கும்."

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி வேலை பார்க்கும் இடத்துக்கு அவள் போனதே இல்லை. யாரையோ இறக்கிவிட்டு, காலி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அவளைப் பார்த்துப் பதறினான்.

"என்னக்கா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல." கையிலிருந்த சட்டையை நீட்டினாள். "நாம முதல்ல எந்த வார்டுல காட்டலாம்?"

அவன் சட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்காமல் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "டேய், நேத்து நான்..." என்று ஆரம்பித்தாள்.

"தள்ளி நில்லுக்கா, பின்னாடி வண்டி வருது" என்றான் அவன், சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.